முப்பத்தேழாம் விதி: மாறுதல்

பூதப்பாண்டி
16.09.2024, திங்கட்கிழமை

அபுதாஹிர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று திருவோணம். நல்ல நாளில் தகராறு எழுத மனமில்லாமல் ஒரு நாள் தாழ்த்தினேன்.

விதி பற்றிய எந்தத் தகராறையும் மேசையில் வாதிடக் கூடாது, கடிதத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று, முதல் ஆட்டம் நடந்த 06.02.2021 சனிக்கிழமையன்றே நாம் நால்வரும் கையெழுத்திட்டிருக்கிறோம். நடந்ததை, அங்கே இல்லாத ஒருவர் வாசித்தாலும் விளங்கும்படி எழுதித் தருவது ஆட்ட நடத்துநரின் கடமை என்றும் அதில் உள்ளது. அக்கடமையைச் செய்கிறேன்.

தாங்கள் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த, கதை சொல்லி ஆடும் ஆட்டத்தின் ஆங்கில விதிநூலை நான் பதினான்கு மாதம் உழைத்துத் தமிழில் எழுதினேன். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்க நோட்டை வைத்துத்தான் சனிக்கிழமைதோறும் என் வீட்டு மாடியில் ஆடிவருகிறோம். கதையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். தாங்கள் சுக்கான் என்னும் மாலுமி. ரெஜிலா, ஆம்பல் என்னும் மருத்துவச்சி. அபினேஷ் வில்லாளி. எதிரிகளும், வழியும், மழையும் நடத்துநராகிய நான். அவரவர் முறை வரும்போது தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பலனைப் பகடை சொல்லும். விதியை நடத்துநர் சொல்வார்.

14.09.2024 சனிக்கிழமை ஆட்டம் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. ஓணத்துக்குப் பூ ஏற்றவந்த வண்டிகளால் தோவாளையில் பேருந்து நின்றுவிட்டதாக ரெஜிலா சொன்னார். மாலை 4.40 அளவில் பாலத்துச் சண்டை. ஆம்பல் விழுந்து கிடந்தாள். அவளிடம் இரண்டே உயிர்ப்புள்ளி. கற்பூதம் அவளை அடிக்கக் கை ஓங்கியிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் சுக்கான், ஒன்பது புள்ளியுடன். முறை தங்களுடையது. தாங்கள் சொன்ன சொல் ஒன்றே ஒன்று: "மாறுகேன்."

முப்பத்தேழாம் விதி வருமாறு: "மாறுதல்: வீரர் தம் முறையில் அருகிலுள்ள தோழருடன் இடம் மாறலாம். மாறியவர், தோழருக்கு வரவிருந்த அடியைத் தாம் ஏற்பார்."

அதன்படி சுக்கான் ஆம்பலின் கட்டத்திற்கு வந்தான். அவள் அவன் கட்டத்திற்குப் போனாள். மூன்று பகடை உருட்டினேன். பதினான்கு. ஒன்பது புள்ளி கொண்டவன் பதினான்கைத் தாங்க இயலாது. சுக்கான் இறந்தான்.

தாங்கள் எழுந்து, தேநீரைத் தொடாமல், 5.05 பேருந்துக்குப் போய்விட்டீர்கள். சுக்கானுக்கு அடையாளமாக வைத்திருந்த நீலப் பொத்தான் பாலத்திலேயே கிடக்கிறது. மேல்முறையீடு உண்டெனில் பதினைந்து நாளுக்குள் எழுதலாம்.

இப்படிக்கு,
சி. வைகுண்டராஜன்
(ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர்), நடத்துநர்


தேங்காப்பட்டணம்
செப்டம்பர் 20

வைகுண்டராஜன் சாருக்கு அபுதாஹிர் எழுதுவது. ஸலாம்.

எனக்கு உங்களைப் போல எழுத்துத் தமிழ் வராது. வாயில் வருகதை எழுதுகேன்.

13-ஆம் தேதி நடந்ததை நீங்க எழுதினதில் எல்லாம் உண்டு. பூ வண்டி உண்டு, குடிக்காத டீ உண்டு, எனக்க பஸ் நேரம் வரைக்கும் உண்டு. ஒண்ணு மட்டும் இல்லை. நான் வாய் திறக்கதுக்கு முன்னால அபினேஷ் சொன்னது எங்கே?

அவன் வில்லை ஏத்தி நிக்கான். சுக்கான் குறுக்கே நிக்கான். பையன் என்னைப் பாத்துக் கத்தினான்: "காக்கா, கொஞ்சம் மாறி நில்லுங்க! உங்க முதுகுதான் தெரியுது, பூதம் தெரியல்ல!" அதுக்காக்கும் நான் "மாறுகேன்" என்று சொன்னது. ஒரு அடி தள்ளி நின்னு கொடுக்க. அம்பு பூதத்துக்க கண்ணுக்குப் போயிருக்கும். ஓங்கின கை இறங்கியிருக்காது.

தேங்காப்பட்டணத்துல ஒரு சின்னப் பிள்ளைக்கிட்ட "மாறு" என்று சொல்லிப் பாருங்க. வழி விட்டு நிக்கும். போய் உங்க இடத்துல நின்னு அடி வாங்காது.

இன்னொண்ணு. இங்கிலீஷ் புத்தகத்துல ஷிஃப்ட் என்றுதான் உண்டு. "தோழனோட ஷிஃப்ட் ஆகலாம், அங்கே நிக்கவன் அடி வாங்குவான்." அவ்வளவுதான். மஸ்கட் கேம்புல பிலிப்பைன்ஸ்காரன்மாரு கூட பதினோரு வருஷம் ஆடினவனாக்கும் நான். அங்கே ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டம் நகருவோம். அடி வெறும் தரையில விழும். இடம் மாத்தி நிக்கணும் என்றது உங்க தமிழ். புத்தகம் சொல்லல்ல.

சரி, உங்க தமிழே இருக்கட்டும். மூணாம் விதியும் உங்க தமிழ்தானே? "ஆட்டக்காரரின் சொல்லில் ஐயம் எழுந்தால், பகடை உருட்டும் முன் கேட்டுத் தெளிக." நீங்க கேக்கல்ல. எனக்க வாய் மூடும் முன்னே பகடை உருண்டாச்சு.

வீட்டுக்காரி ஜமீலா சிரிக்கா. "இல்லாத ஆளு செத்ததுக்கு இந்த மொகமா? நான் செத்தா என்ன மொகம் வைப்பியோ, பாக்கட்டு" என்கா. நான் இருபத்தேழு வருஷம் வெளியில கிடந்து வந்தவன். இந்த வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா நான் ஒண்ணு சொல்லி நிறுத்தினா, "பின்னே என்ன ஆச்சு?" என்று கேக்க ஆளில்லை. சனிக்கிழமை நீங்க மூணு பேரும் கேப்பீங்க. அதுக்காகவாக்கும் மூணு பஸ் மாறி நான் வந்தது.

பஸ் மாறினேன் என்று எழுதிருக்கேன். பஸ்ஸுக்குப் பதிலா நான் ரோட்டுல ஓடினேன் என்று படிச்சிராதீங்க.

அபுதாஹிர்


பூதப்பாண்டி
23.09.2024, திங்கட்கிழமை

அபுதாஹிர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மேல்முறையீடு 21.09.2024 அன்று, ஆட்ட நாளிலேயே கிடைத்தது. தாங்கள் வரவில்லை. மற்ற இருவரும் வந்தனர், ஆட்டம் நடக்கவில்லை. தங்கள் நாற்காலியில் ரெஜிலா தம் கைப்பையை வைத்துவிட்டார், வேறு யாரும் அமர்ந்துவிடக் கூடாது என்பதுபோல. அமர்வதற்கு அங்கே வேறு யாருமில்லை.

முதலில் ஒரு திருத்தம். ஆட்டம் நடந்தது 13ஆம் தேதி அல்ல, 14ஆம் தேதி. 13 வெள்ளிக்கிழமை.

இனித் தங்கள் வாதங்கள். ஆங்கில மூலத்தை எடுத்து மீண்டும் வாசித்தேன். அவ்வாக்கியம் இருபொருள்படுவது உண்மையே. சேர்ந்து நகர்தல் என்றும் கொள்ளலாம், இடம் மாறுதல் என்றும் கொள்ளலாம். மாறியவரே அடியை ஏற்பார் என்று மூலம் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மூன்றரை ஆண்டாக நாம் ஆடிவருவது தமிழ்ப் பிரதியை வைத்து. அதற்கு எவரும் மறுப்புச் சொன்னதில்லை. நாற்பதாண்டு பத்திரம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எழுதிக் கையெழுத்திட்டபின் மூலப்பத்திரத்தின் சாயலைக் காட்டி எல்லையை நகர்த்த இயலாது.

"மாறு" என்ற சொல்லுக்கு அச்சுத் தமிழில் இடமோ நிலையோ வேறாதல் என்றே பொருள். ஊருக்கு ஊர் வழக்கு வேறுபடும். விதிநூல் ஊர்வழக்கைப் பார்த்து எழுதப்படவில்லை.

அபினேஷ் அவ்வாறு சொன்னதாக என் குறிப்பேட்டில் இல்லை. மின்விசிறியின் இரைச்சல் தாங்களும் அறிந்ததே. என் காதில் விழவில்லை.

மூன்றாம் விதியைச் சுட்டியிருக்கிறீர்கள். ஐயம் எழுந்தால் கேட்க வேண்டும் என்பதே விதி. எனக்கு ஐயம் எழவில்லை. எனவே கேட்கவில்லை.

மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.

வருகிற 28ஆம் தேதி சனிக்கிழமை தாங்கள் புதிய பாத்திரம் ஒன்றுடன் வரலாம். வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சி. வைகுண்டராஜன்


தேங்காப்பட்டணம்
செப்டம்பர் 27 (வெள்ளி. காலண்டர் பார்த்தாச்சு.)

சாரே,

அபினேஷ் போன் பண்ணினான். நீங்க எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். பிறகு கேக்கான்: "காக்கா, எனக்கு அவ்வளவு மெதுவாவா தொண்டை? கடையில நான் போன் பேசினா அடுத்த கடைக்காரன் வந்து சண்டை போடுகான்."

அவன் பொய் சொல்ல மாட்டான். நீங்களும் பொய் சொல்ல மாட்டீங்க என்று இத்தனை நாள் இருந்தேன். இப்ப ரெண்டையும் சேத்து வைக்க எனக்குத் தெரியல்ல. அதனால வரல்ல. நாளைக்கும் இல்லை, பின்னேயும் இல்லை.

புதுசா ஒரு ஆளை உண்டாக்கச் சொல்லுறீங்க. செருப்பு பிஞ்சா மாத்துக மாதிரியா?

எனக்க இங்கிலீஷ் புத்தகத்தைத் தபாலில் அனுப்பி விடுங்க.

அபுதாஹிர்


பூதப்பாண்டி
31.09.2024, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி அபுதாஹிருக்கு,

நூலை இத்துடன் அனுப்பியுள்ளேன். என் தமிழ் நோட்டையும் உள்ளே வைத்திருக்கிறேன். நீலப் பொத்தானையும். ஏன் எல்லாவற்றையும் அனுப்புகிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நாற்பதாண்டுத் தொழிலில் ஒரு முத்திரைத்தாளைக்கூட நான் கிழித்ததில்லை.

நேற்றுக் காலை இட்லி வைக்கும்போது என் மனைவி நாகம்மை சாதாரணமாகக் கேட்டாள்: "அந்த மேலாங்கோட்டுப் பையன் அபினேஷ் 'மாறி நில்லுங்க காக்கா'ன்னு கத்தினது அடுக்களையில எனக்கே கேட்டுது. பக்கத்துல இருந்த உங்களுக்கு எப்படிக் கேக்காமப் போச்சு?" என் கடிதத்தை அவள் வாசித்திருக்கிறாள். சட்னி வேண்டும் என்றேன்.

கேட்டது. அபினேஷ் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. குறிப்பேட்டில் இல்லாததற்குக் காரணம், நான் எழுதாததுதான்.

"எனக்கு ஐயம் எழவில்லை" என்று போன கடிதத்தில் எழுதினேன். அந்தக் கடிதத்திலேயே அது ஒன்றுதான் உண்மை. தாங்கள் சொன்னதன் பொருள் எனக்கு ஐயமறத் தெரிந்தது. 1988 ஆகஸ்டு முதல் 1992 நவம்பர் வரை, நான்கு ஆண்டு நான்கு மாதம், களியக்காவிளையில் மேசை போட்டுப் பத்திரம் எழுதியவன் நான். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். "கொஞ்சம் மாறி நில்லுங்க" என்று நாளொன்றுக்கு ஐம்பது முறை நானே சொல்லியிருக்கிறேன். ஒருவரும் என் நாற்காலியில் வந்து அமர்ந்ததில்லை.

பிறகு ஏன்?

24.08.2024 சனிக்கிழமை. தேநீர்த் தட்டுடன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். எட்டாம் படியில் ரெஜிலாவின் குரல் கேட்டது. "சார் வாசிக்கும்போ எனக்குத் தூக்கமாக்கும் வருகது. காக்கா வாயைத் தொறந்தாத்தான் கதை." அதற்குத் தாங்கள் சொன்னீர்கள்: "அவரு பூதத்தையும் பத்திரம் போலல்லவா வாசிக்காரு! கிழக்கே ஆறு எல்லை, மேற்கே பாலம் எல்லை, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட பூதம் ஒன்று." மூவரும் சிரித்தீர்கள். அபினேஷ் மேசையைத் தட்டினான்.

நன்றாகத்தான் சொன்னீர்கள். நான் அப்படித்தான் வாசிக்கிறேன். வலித்தது அதனால்தான். சிரிப்பு அடங்கும்வரை எட்டாம் படியில் நின்றேன். மேலே வந்தபோது தேநீரில் ஆடை படிந்திருந்தது. தாங்கள் ஒரு வாய் குடித்து, "சாரே, டீ கொள்ளாம்" என்று மெச்சினீர்கள்.

அந்தச் சிரிப்பை இருபத்தொரு நாள் சுமந்தேன். 14ஆம் தேதி மாலை தாங்கள் "மாறுகேன்" என்றபோது, முப்பத்தேழாம் விதி என் கண்முன் வந்து நின்றது. என் கையால் எழுதிய விதி. நான் தேர்ந்த சொல். தாங்கள் அதற்குள் தாங்களாகவே நடந்து வந்துவிட்டதுபோல் இருந்தது. கேட்டால் விளக்கிவிடுவீர்கள் என்று தெரியும். ஆகவேதான் பகடையை அவசரமாக எடுத்தேன். பதினான்கு விழுந்தபோது நான் மகிழ்ந்தேன். எத்தனை நொடி என்று சொல்ல இயலவில்லை. தங்கள் முகத்தைப் பார்க்கும்வரை.

சுக்கான் இறந்தது விதியால் அல்ல. என்னால். அந்தத் தீர்ப்பை ரத்து செய்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு; அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சுக்கான் விலகி நின்றதாகக் கொண்டால் அபினேஷ் அம்பு விட வேண்டும். பட்டால் இருவரும் பிழைப்பர். படாவிட்டால் பூதத்தின் அடி, இருந்த இடத்திலேயே கிடக்கும் ஆம்பலுக்குப் போகும். பதினான்கு ஏற்கெனவே விழுந்துவிட்ட எண், அவளிடம் இரண்டு. 28ஆம் தேதி ரெஜிலா வந்திருந்தார். பகடையைத் தொடவில்லை. "காக்கா எனக்காகச் செத்தாரு" என்று மட்டும் சொன்னார்.

நடத்துநர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். மன்னிக்கும்படி கேட்கவில்லை. கேட்பதற்கு எந்த விதியிலும் எனக்கு இடமில்லை.

வைகுண்டராஜன்


தேங்காப்பட்டணம்
அக்டோபர் 5, சனிக்கிழமை

சாரே,

பார்சல் கிடைச்சுது. கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சேன். முதல் தரம் வாசிச்சப்போ இதைக் கடலில எறியணும் என்று இருந்தது. ரெண்டாம் தரம்தான் மேலே உள்ள தேதியைப் பாத்தேன்.

செப்டம்பருக்கு முப்பத்தொண்ணு உண்டா சாரே?

ஜமீலாகிட்ட காட்டினேன். அவ சிரிக்கல்ல. "அந்த சாருக்கா தேதி தப்பினது? அப்போ மனுசன் உள்ளுக்க நல்லா வேகுகாரு. சண்டையை நிறுத்துங்க" என்று சொல்லிட்டுப் போனா.

நான் அந்தப் பேச்சு சொன்னது உண்மை. சிரிச்சதும் உண்மை. நீங்க படியில நிக்கது தெரியாது. தெரிஞ்சா சொல்லிருக்க மாட்டேன், ஆனா நினைச்சிருப்பேன். அதுக்கு நீங்க என்னை ஏசிருக்கலாம். டீயில உப்பு போட்டுத் தந்திருக்கலாம். சுக்கான் உங்களை என்ன சொன்னான்? அவன் உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

அது ஆறக் கொஞ்ச நாளாகும். ஆறிட்டுது என்று சும்மா எழுத மாட்டேன்.

பின்னே, ரத்து வேண்டாம். ரெஜிலா சொன்னதை எழுதினீங்களே, அதுக்குப் பிறகு எப்படி நான் அவனை எழுப்ப? அம்பு பட்டாலும் படும், படாமலும் போகும். ஒரு பொத்தானுக்காக அந்தப் பிள்ளைக்க பொத்தானைப் பகடையில வைக்க எனக்கு மனசில்ல. சுக்கான் வழி விட்டு நிக்க நினைச்சவன். நீங்க பிடிச்சுத் தள்ளினதில பெரிய ஆளா செத்தான். அப்படியே கிடக்கட்டு.

நீலப் பொத்தானை ஜமீலா எடுத்து எனக்க சட்டையில தச்சுட்டா. அது அந்தச் சட்டையில உள்ளதுதான். மூணு வருஷமா கழுத்துப் பொத்தான் இல்லாமலாக்கும் நான் பூதப்பாண்டிக்கு வந்துட்டிருந்தது.

இனி முக்கிய காரியம். இப்போ புத்தகம் என்கிட்ட. நோட்டும் என்கிட்ட. பகடை மட்டும்தான் உங்ககிட்ட. அப்போ நடத்துநர் ஆரு?

12-ஆம் தேதி சனிக்கிழமை வாறேன். நான் மாறுகேன் சாரே. இந்தத் தடவை உங்க அகராதிப்படி. எனக்க நாற்காலியில நீங்க, உங்க நாற்காலியில நான். நீங்க ஒரு ஆளை உண்டாக்கிட்டு வாங்க. ஒன்பது புள்ளிக்கு மேல தர மாட்டேன்.

ஒரு நிபந்தனை. உங்க முப்பத்தொண்ணாம் தேதிக் கடிதத்தைக் கொண்டு வருவேன். ஆட்டத்துக்கு முன்னால நீங்களே வாசிக்கணும், ரெஜிலாவும் அபினேஷும் கேக்க. மேசையில வாதம் கூடாது என்றுதான் விதி. வாசிக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. தேடிப் பாத்தாச்சு.

அபுதாஹிர்


பூதப்பாண்டி
09.10.2024, புதன்கிழமை

அன்புள்ள தம்பி,

தேதியை நாகம்மையிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே மேலே எழுதினேன்.

நிபந்தனையை ஏற்கிறேன். எட்டாம் படியைப் பற்றிய பகுதியை ரெஜிலா முன்னால் வாசிப்பதுதான் கடினம். அவருக்கும் அது வலிக்கும். விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏற்கெனவே ஒருமுறை எழுத வேண்டியதை விட்டுத்தான் இவ்வளவும் வந்தது. முழுவதும் வாசிக்கிறேன். பத்திரம் வாசிப்பதுபோல்தான் இருக்கும். வேறு விதமாக எனக்கு வராது.

சன்னலோரம் இருக்கும் தங்கள் நாற்காலியில், மின்விசிறிக்கு நேர்கீழே, மூன்று மணிக்கு அமர்ந்திருப்பேன். அங்கிருந்து அடுக்களைப் பேச்சுகூடத் தெளிவாகக் கேட்கிறது. நேற்று அமர்ந்து பார்த்தேன்.

என் ஆள் ஒரு தோணிக்காரன். ஒன்பது புள்ளி போதும். வயது எழுபத்தொன்று. பெயர் இன்னும் வைக்கவில்லை. பொத்தான் கிடைக்காததால் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்குப் பேச்சு வழக்கு சரளமாக வராது என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே ஒரே ஒரு விண்ணப்பம். என் முறை வந்து நான் எதையாவது சொன்னால், பகடையை எடுக்குமுன் "என்ன சொல்லுறீங்க சாரே?" என்று ஒருமுறை கேளுங்கள்.

கேட்காமல் உருட்டினாலும் நான் மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

வைகுண்டராஜன்